பக்கத்து ஊர்களுக்கும் பேருந்து: தடத்தை நீட்டுவதா, இணைப்பு வண்டியா, அழைத்தால் வரும் வண்டியா?

ஒரு நகரத்தில் ஓரளவு ஒழுங்காக ஓடும் பேருந்துச் சேவை இருந்தால், சுற்றியுள்ள சிற்றூர்கள் தங்களுக்கும் வண்டி வேண்டும் என்று கேட்பது இயல்பு. கேட்டவுடன் பெரும்பாலோர் செய்வது, வரைபடத்தில் தடம் முடியும் இடத்திலிருந்து அந்த ஊர் வரை ஒரு கோட்டை இழுத்துப் பார்ப்பதுதான். ஐந்தாறு கிலோமீட்டர்தானே, வண்டி அதுவரை போய்த் திரும்பினால் என்ன என்று தோன்றும். வரைபடத்தில் அந்தக் கோடு சிறியதாக இருக்கலாம். கால அட்டவணையில் அது சிறியதாக இருப்பதில்லை. விவாதமும் பெரும்பாலும் வாகனத்தின் வகையைப் பற்றியதாகவே நடக்கிறது: பெரிய பேருந்தா, மினி பஸ்ஸா, செயலியில் அழைக்கும் வேனா என்று. என் பார்வையில் அது இரண்டாவது கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒரு வண்டியையும் ஓட்டுநரையும் கூடுதலாக ஒதுக்கப் போகிறோம், அந்த நேரத்தை யாருக்குத் தரப் போகிறோம் என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்த பிறகுதான் வழிகளை ஒப்பிட முடியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு தடத்தில் போக 25 நிமிடமும் வர 25 நிமிடமும் ஆகின்றன என்றும், இரு முனைகளிலும் ஐந்தைந்து நிமிடம் வண்டி நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு வண்டிகள் இருந்தால் அரை மணிக்கு ஒரு பேருந்து என்ற சேவை கிடைக்கிறது. இந்தத் தடத்தின் கடைசி நிறுத்தத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூர் இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போக 12 நிமிடம், வர 12 நிமிடம் ஆகும் என்பதால், சுற்று 84 நிமிடமாகிவிடுகிறது. வண்டிகளைக் கூட்டாமல் தடத்தை மட்டும் நீட்டினால், அரை மணிக்கு ஒன்றாக வந்த பேருந்து 42 நிமிடத்துக்கு ஒன்றாக வரும். அதாவது 6.00, 6.42, 7.24, 8.06 என்று போகும் ஓர் அட்டவணை. இதை யாரும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அரை மணிக்கொரு வண்டி என்றால், பயணி மணிக்கட்டைப் பார்த்தே கிளம்பிவிடுவார். 42 நிமிட அட்டவணைக்கு அவர் தாளையோ கைப்பேசியையோ தேட வேண்டும். புதிதாக ஏறும் சிற்றூர்வாசிகளுக்காக, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த நகரவாசிகள் ஒவ்வொருவரும் ஒரு சிறு விலை கொடுக்கிறார்கள். அவர்களில் சிலர் சத்தமில்லாமல் பேருந்தைக் கைவிடுகிறார்கள்.

மூன்றாவது வண்டியைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. சுற்றை 90 நிமிடமாக வைத்து, அரை மணி இடைவெளியைக் காப்பாற்றி, முனைகளில் ஆறு நிமிடம் கூடுதல் ஓய்வும் தரலாம். ஆனால் அந்த மூன்றாவது வண்டி ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓட வேண்டுமானால் இரண்டு பணிநேரங்கள் வேண்டும். வார ஓய்வும் விடுப்பும் சேர்த்தால் மூன்று ஓட்டுநர்கள் வரை தேவைப்படும். பேருந்துச் சேவையின் செலவில் பெரும்பங்கு எரிபொருளல்ல, பணியாளர் ஊதியமே. ஆகவே ஆறு கிலோமீட்டர் நீட்டிப்பு என்பது டீசல் கணக்கல்ல, ஒரு முழு வண்டியின் கணக்கு. கூட்டங்களில் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலியாகத்தானே வண்டி கடைசி நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நிற்கிறது, அந்த நேரத்தில் எங்கள் ஊருக்கு வந்துவிட்டுப் போகலாமே என்று ஒருவர் எழுந்து கேட்கத்தான் செய்வார். அந்த ஐந்து நிமிடம் வீணாகும் நேரமல்ல. முந்தைய நடையின் தாமதம் அடுத்த நடைக்குத் தாவாமல் தடுப்பதும், ஓட்டுநர் இறங்கிக் கால் நீட்டுவதும் அந்த இடைவெளியில்தான்.

சிலர் நடுவழி ஒன்றை முன்வைப்பார்கள்: ஒரு நடை விட்டு ஒரு நடை மட்டும் சிற்றூர் வரை போகட்டும் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. மேற்கண்ட எண்களையே கொண்டு பார்த்தால், பழைய முனையோடு திரும்பும் குறுநடைக்கு 60, சிற்றூர் வரை போகும் நெடுநடைக்கு 90, இரண்டும் சேர்ந்து 150 நிமிடம் ஆகின்றன. அரை மணி இடைவெளியைக் காக்க இரண்டரை வண்டி வேண்டும். அரை வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது என்பதால், அதுவும் மூன்று வண்டிச் செலவில்தான் முடிகிறது. சிற்றூருக்குக் கிடைப்பதோ பாதிச் சேவை. நாளொன்றுக்கு மூன்று நான்கு நடை மட்டும் நீட்டினால் மூன்றாவது வண்டியைத் தவிர்க்கலாம். அதற்குரிய விலை, அந்த நடைகளை ஒட்டிய நேரங்களில் நகரத்தின் இடைவெளி கலைவது. கூட்டம் குறைந்த முற்பகலிலும் பிற்பகலிலும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் அப்படிச் செய்தால், ஒரு சிற்றூருக்கு உதவுவதற்காக ஒரு நகரத்தின் காலையைக் குலைத்ததாகிவிடும்.

நீட்டிப்புக்கு எதிராக மட்டும் பேசுவதாக நினைக்க வேண்டாம். சிற்றூர் தடத்தின் நேர்கோட்டிலேயே, கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் இருந்து, முழு வண்டி ஒன்றைக் கூட்டவும் பணம் இருந்தால், நீட்டிப்பைவிட நல்ல வழி இல்லை. ஏறிய வண்டியிலேயே நகரத்தின் நடுப்பகுதி வரை போய் இறங்கலாம். குழந்தையோடும் மூட்டை முடிச்சோடும் வருபவர் நடுவில் இறங்கி ஏற வேண்டியதில்லை. முன்கூட்டியே பார்க்க வேண்டியது ஒன்றுண்டு, அது வண்டி திரும்பும் இடம். 12 மீட்டர் நீளமுள்ள சாதாரணப் பேருந்து ஒரே வளைவில் திரும்ப ஏறத்தாழ 25 மீட்டர் விட்டமுள்ள வெளி வேண்டும். அது இல்லாத ஊரில் ஓட்டுநர் பின்னோக்கி எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். பள்ளி விடும் நேரத்தில், சைக்கிள்களுக்கும் சிறுவர்களுக்கும் நடுவில், அதை நாள்தோறும் செய்யச் சொல்வது முறையல்ல. ஊருக்குள் வட்டமாகச் சுற்றிவரத் தெருக்கள் இருக்கின்றனவா என்பதை ஒரு பெரிய வண்டியையே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நீட்டிப்பின் ஒன்றுவிட்ட உறவினர் ஒருவர் உண்டு: நெடுஞ்சாலையில் நேராகப் போகும் பேருந்தை ஊருக்குள் வளைத்துவிட்டு மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவது. ஊர் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, உள்ளே போய் வர ஏழு நிமிடம் ஆகிறது, வண்டியில் நேராகப் போகும் முப்பது பேர் இருக்கிறார்கள் என்று கொண்டால், அவர்கள் அனைவரிடமிருந்தும் சேர்த்து 210 நிமிடங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஊருக்குள் நான்கு பேர் ஏறுகிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கு இருபது நிமிட நடை மிச்சமாகிறது, மொத்தம் 80 நிமிடம். நிமிடங்களை மட்டும் எண்ணினால் வளைப்பது நட்டம். ஆனால் அந்த நால்வரில் ஒருவர் ஊன்றுகோலோடு நடப்பவராக இருந்தால், அவருக்கு அது இருபது நிமிடச் சேமிப்பல்ல; வீட்டை விட்டு வெளியே வர முடிவதற்கும் முடியாமற்போவதற்கும் உள்ள வேறுபாடு. எனவே நிமிடக் கணக்கைக் கைவிடவும் கூடாது, அதை மட்டுமே நம்பவும் கூடாது. என் அனுபவத்தில், இத்தகைய ஊர்களில் பேருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே, ஊரிலிருந்து சாலை வரை வெளிச்சமுள்ள நடைபாதையும், சாலையோரத்தில் கூரையோடு ஒரு நிறுத்தமும், இருபுறமும் பாதுகாப்பாகக் கடக்க ஓர் ஏற்பாடும் இருக்கின்றனவா என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அவற்றுக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும். வளைத்துவிட்ட தடத்துக்கோ ஒவ்வொரு நடையிலும் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இனி இணைப்பு வண்டியைப் பார்ப்போம். நகரத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் ஒரு சிறிய வண்டி காத்திருக்கும். அது சிற்றூருக்குப் போய்விட்டு அடுத்த நகரப் பேருந்தைப் பிடிக்கத் திரும்பி வரும். அதே ஆறு கிலோமீட்டர், போக வர 24 நிமிடம், நிற்க ஆறு நிமிடம், மொத்தம் அரை மணி. ஒரே ஒரு வண்டி எல்லா நகரப் பேருந்துகளையும் சந்தித்துவிடும். சிறிய வண்டி என்பதால் மலிவு என்று எண்ணுவது தவறு: ஓட்டுநர் எண்ணிக்கை அதேதான், மிச்சமாவது எரிபொருளிலும் வண்டியின் விலையிலும் கொஞ்சம்தான். அப்படியானால் இடையில் இறங்கி ஏறும் தொல்லையை ஏன் தர வேண்டும்? ஒரே ஒரு சிற்றூர் என்றால் தர வேண்டியதில்லை என்பதே என் விடை. இணைப்பு வண்டியின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. கடைசி நிறுத்தத்திலிருந்து வெவ்வேறு திசைகளில் இரண்டு ஊர்கள் இருந்தால், அதே வண்டி ஒரு முறை கிழக்கேயும் மறுமுறை தெற்கேயும் போய், இரண்டு ஊர்களுக்கும் மணிக்கொரு சேவை தர முடியும். நகரப் பேருந்தை இரண்டு திசைகளிலும் நீட்ட முடியாது. இரண்டாவது பலம், சிற்றூர்ச் சாலையில் ஏற்படும் தாமதம் நகரத்துக்குள் போகாது என்பது. மூடிய ரயில்வே கேட்டோ, எதிரே வரும் அறுவடை வண்டியோ இணைப்பு வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால், அந்தப் பத்து நிமிடம் அங்கேயே தங்கிவிடுகிறது. நீட்டிய தடத்தில் அது நகரத்தின் மறுமுனை வரை பயணம் செய்யும்.

இந்த வழி நன்மையாவதும் தொல்லையாவதும் வண்டி மாறும் அந்தச் சில நிமிடங்களைப் பொறுத்தது. பயணிகள் ஓடும் வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட, நிறுத்தத்தில் நின்று காத்திருக்கும் ஒரு நிமிடத்தை ஏறத்தாழ இரு மடங்காக உணர்கிறார்கள் என்பது போக்குவரத்துத் திட்டமிடலில் நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. இணைப்பு உறுதியில்லாமல் இருந்தால் அது இரு மடங்கோடும் நிற்பதில்லை. நகரப் பேருந்து இரண்டு நிமிடம் தாமதமாக வருகிறது. இணைப்பு வண்டியின் பின்விளக்கு வளைவில் மறைவது இறங்குபவர்களின் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்தது ஒரு மணி கழித்துத்தான். இப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாம் முறை அந்தப் பயணி வருவதில்லை. எப்படியாவது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகிறார். ஆகவே இணைப்பு வண்டி நகரப் பேருந்துக்காகக் குறிப்பிட்ட நிமிடங்கள் வரை காத்திருக்க வேண்டும் என்பதும், நாளின் கடைசி நடையில் அது வரும் வரை காத்திருந்தே தீர வேண்டும் என்பதும் ஓட்டுநரின் நல்லெண்ணத்துக்கு விடப்படாமல் எழுத்தில் இருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்ததற்காகத் தாமதக் கணக்கில் ஓட்டுநர் தண்டிக்கப்படவும் கூடாது.

இதை ஒரு நாடு முழுவதும் செய்து காட்டியது சுவிட்சர்லாந்து. 1906ஆம் ஆண்டிலிருந்து ஓடிவரும், மலையூர்களையும் எட்டும் அஞ்சல் துறையின் மஞ்சள் பேருந்துகளும், 1982இல் நடைமுறைக்கு வந்த ஒரே சீரான இடைவெளியுள்ள ரயில் அட்டவணையும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன. ரயில் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வருகிறது. நிலையத்துக்கு வெளியே பேருந்து நிற்கிறது. இறங்குபவர்கள் ஏறியபின் கிளம்புகிறது. அங்கே ரகசியம் வண்டியில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. பிரேசிலின் குரிச்சிபா நகரமோ மற்றொரு பாதியைத் தீர்த்தது: புறநகர்ப் பகுதிகளிலிருந்து வரும் இணைப்புப் பேருந்துகள் மூடிய முனையங்களுக்குள் வந்து நிற்க, 1980இலிருந்து ஒரே கட்டணத்தில் பயணிகள் அங்கேயே பெருந்தட வண்டிக்கு மாறிக்கொள்ள முடிந்தது. மாறும் இடத்தில் இரண்டாவது டிக்கெட் எடுக்கச் சொல்லும் இணைப்புச் சேவை, தொலைவில் வாழ்பவர்களிடம் தொலைவுக்காக மட்டுமன்றி இறங்கி ஏறும் தொல்லைக்காகவும் பணம் வாங்குகிறது. இணைப்பு வண்டித் திட்டம் எதையாவது யாராவது முன்வைத்தால், நான் முதலில் பார்ப்பது வண்டியின் படத்தையல்ல. காத்திருப்பு விதியும் ஒரே டிக்கெட்டும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான். இவை இரண்டும் இல்லாவிட்டால் நீட்டிப்பே மேல்.

அழைத்தால் வரும் வண்டி இப்போது எல்லோருக்கும் பிடித்த யோசனை. நிலையான தடம் இல்லை, நிலையான நேரம் இல்லை; தொலைபேசியிலோ செயலியிலோ கேட்டால் வீட்டருகே வந்து ஏற்றிக்கொள்ளும். காலி வண்டி ஓடும் காட்சி இதில் இல்லை என்பது இதன் பெரிய கவர்ச்சி. கணக்கு வேறு கதை சொல்கிறது. சிதறிக் கிடக்கும் வீடுகளிலிருந்து எட்டு கிலோமீட்டர் தொலைவுக்கு ஒருவரைக் கொண்டுவிட 15 நிமிடம் ஆகும். அடுத்தவரை ஏற்றக் காலியாகத் திரும்புவதற்கும் நேரம் வேண்டும். ஒரே திசையில் போகும் இருவர் மூவரைச் சேர்த்து ஏற்ற முடிந்தாலும், ஒரு மணி நேரத்தில் நான்கைந்து பேருக்கு மேல் ஏற்றுவது கடினம். ஏறுபவர் கூடினால் நிலையான தடத்தில் செலவு ஏறுவதில்லை. பத்துப் பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் வண்டி ஒன்று, ஓட்டுநர் ஒருவர். அழைப்பு வண்டியிலோ ஒவ்வொரு புதிய பயணியும் புதிய செலவு. வெற்றி பெற்றால் திவாலாகும் சேவை என்று இதைச் சொன்னால் சற்று மிகைதான், ஆனால் அதிகம் மிகையில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள இன்னிஸ்ஃபில் என்ற ஊர் இதற்குத் தெளிவான சான்று. பேருந்துத் தடம் அமைப்பதற்குப் பதிலாக அந்த ஊராட்சி 2017இல் ஊபர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, குடியிருப்போரின் பயணங்களுக்கு மானியம் தந்தது. மக்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள். மானியச் செலவும் கூடவே ஏறியது. 2019இல் கட்டணத்தை உயர்த்தி, ஒருவருக்கு மாதம் முப்பது பயணம் என்று வரம்பும் விதித்தார்கள். நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவருக்கு முப்பது பயணம் என்பது பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். பேருந்துச் சேவையில், அடிக்கடி பயணம் செய்பவருக்குச் சலுகைச் சீட்டு தருவது வழக்கம். இங்கே அவரே பட்ஜெட்டுக்குச் சுமையாகிவிடுகிறார். ஹெல்சின்கி நகரம் குட்சுபிளஸ் என்ற பெயரில் சிற்றுந்துகளை வைத்து இதைவிடத் திறமையாக, பல பயணிகளின் வழிகளைக் கணினியால் இணைத்து முயன்றது. 2012இல் சோதனையாகத் தொடங்கிய அந்தச் சேவை, பயணிகளுக்குப் பிடித்திருந்தும், மானியச் செலவு காரணமாக 2015 இறுதியில் நிறுத்தப்பட்டது.

இதனால் இந்த வழியை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. ஏக்கர்க் கணக்கில் தள்ளித் தள்ளி வீடுகள் இருக்கும் பகுதிக்கும், விடுமுறை நாட்களுக்கும், நிலையான வண்டிகள் நின்றபின் வரும் இரவு நேரத்துக்கும் இதுவே பொருத்தமானது. கூடவே இன்னொரு பயன் உண்டு: எந்த ஊரிலிருந்து எந்த நேரத்தில் எங்கே போகக் கேட்கிறார்கள் என்ற பதிவை ஓராண்டு சேர்த்துப் பார்த்தால், நிலையான தடம் எங்கே ஓட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அந்தப் பதிவில் ஒரு குறை உண்டு. தொலைபேசியில் பேசத் தயங்குபவர்களும், செயலியைத் தொடாதவர்களும் அதில் இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் பேருந்து அதிகம் தேவைப்படுபவர்களும் அவர்களே.

தன்னார்வலர் ஓட்டும் வண்டி என்று ஒரு வழியும் இருக்கிறது. நெதர்லாந்தில் 1977இலிருந்து ஓடும் அக்கம்பக்கப் பேருந்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை. எட்டுப் பயணிகள் அமரும் சிறு வண்டி என்பதால் சாதாரணக் கார் உரிமமே போதும். உள்ளூர்ச் சங்கம் ஓட்டுநர்களைத் திரட்டுகிறது. அட்டவணையும் தடமும் நிலையானவை. செலவில் பெரும்பங்கான ஊதியம் இல்லாமற்போவதால் சிற்றூர்களுக்கு மணிக்கொரு வண்டி கூடச் சாத்தியமாகிறது. ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த, ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்களில் இது நிலைக்கும். பள்ளி விடும் நேரத்தில் ஒன்பதாவது ஆளாக நிற்கும் மாணவரை என்ன செய்வது என்பதற்கு இதில் விடையில்லை.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும் வண்டியை மேட்டிமையோடு ஒதுக்குபவர்கள் உண்டு. மருத்துவமனைக்கும் வங்கிக்கும் கடைக்கும் போக அது போதும்; வேலைக்கும் பள்ளிக்கும் போதாது. நாள்தோறும் ஒரே ஒரு நடை விடுவதைவிட, இரண்டு நாட்களில் மூன்று மூன்று நடை விடுவது சில ஊர்களுக்கு நிச்சயம் மேலானது. ஏனென்றால் காலை பத்து மணிக்கு நகரத்தில் இறக்கிவிட்டுப் பத்து நாற்பதுக்குத் திரும்பிப் போகும் வண்டியால் யாருக்கும் பயனில்லை. மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கவே அந்த நாற்பது நிமிடம் போதாது. போவதற்கும் திரும்புவதற்கும் இடையில் இரண்டரை மூன்று மணி நேரமாவது இருக்கும்படி நடைகளை அமைப்பதே முக்கியம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், தேர்வுக்கு முன் ஒரு விஷயத்தை வெளிப்படையாகத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: அதிகமானோர் ஏறுவது நோக்கமா, எவரும் விடுபடாமல் இருப்பது நோக்கமா? இரண்டும் நல்ல நோக்கங்கள்; ஒரு வண்டி ஓடும் அதே மணி நேரத்தை இரண்டுக்கும் செலவிட முடியாது. பொதுப் போக்குவரத்துத் திட்டமிடுநர் ஜாரெட் வாக்கர் இந்தப் பிரிவினையை நீண்ட நாளாக வலியுறுத்தி வருகிறார். ஹூஸ்டன் நகரத்தின் பேருந்து வலையமைப்பு 2015 ஆகஸ்டில் ஒரே நாளில் மாற்றியமைக்கப்பட்டபோது, வளங்களில் 80 விழுக்காட்டைப் பயணிகளை அதிகம் ஈர்க்கும் தடங்களுக்கும், 20 விழுக்காட்டை எல்லாப் பகுதிகளையும் தொடுவதற்கும் ஒதுக்குவது என்று அதன் வாரியம் முன்பே முடிவெடுத்திருந்தது. அந்த எண்கள் மற்ற இடங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. எண் ஒன்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருப்பதே பெரிய உதவி, ஏனென்றால் சிற்றூர்த் தடத்தில் வண்டி பாதி காலியாக ஓடும்போது, அது தோல்வியல்ல, தெரிந்தே எடுத்த முடிவு என்று அதைச் சுட்டிக்காட்டலாம். சுவிட்சர்லாந்து இதை இன்னும் எளிமையாக்கியது: ஆண்டு முழுவதும் குறைந்தது நூறு பேர் வாழும் குடியிருப்பு என்றால், அதற்கான வட்டாரச் சேவைக்குக் கூட்டரசு நிதியில் பங்கு உண்டு. இதற்கு நேர்மாறான பாதையில் பிரிட்டன் போனது. 1985ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 1986 அக்டோபரிலிருந்து லண்டனுக்கு வெளியே பேருந்து நிறுவனங்கள் தங்களுக்கு லாபமான தடங்களைத் தாங்களே தேர்ந்து ஓட்டலாம் என்றானது. மீதியுள்ள, சமூகத் தேவை என்று கருதப்படும் நடைகளை உள்ளாட்சிகள் ஒப்பந்தப்புள்ளி மூலம் விலைகொடுத்து வாங்க வேண்டும். உள்ளாட்சிகளின் கை இறுகிய ஆண்டுகளில் சிற்றூர் நடைகளே முதலில் வெட்டுப்பட்டன. சேவையின் அடிப்படை சட்டத்தில் இருக்கிறதா, அந்தந்த ஆண்டு பட்ஜெட்டில் மட்டும் இருக்கிறதா என்பது, எந்த வண்டி ஓடுகிறது என்பதைவிடச் சிற்றூருக்கு முக்கியம்.

ஓடத் தொடங்கியபின் அளக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. நீட்டிய ஆறு கிலோமீட்டரில் வசூல் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் எப்போதும் நட்டமாகத்தான் தெரியும். அங்கே ஏறியவர் நகரத்தின் மையம் வரை டிக்கெட் எடுக்கிறார். மாலையில் மையத்தில் ஏறித் திரும்புகிறார். அந்த இரண்டாவது டிக்கெட் நகரத்தின் கணக்கில் விழுகிறது. ஆகவே அளக்க வேண்டியது சிற்றூரில் ஏறுவோரும் இறங்குவோரும் செய்யும் முழுப் பயணத்தை. சோதனைக் காலம் ஆறு மாதம் என்பதும் போதாது. பேருந்தை நம்பி ஒரு குடும்பம் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்ப்பதும், ஒருவர் நகரத்தில் வேலை தேடுவதும், வீட்டிலிருக்கும் இரண்டாவது வாகனத்தை விற்பதும் மெதுவாக நடப்பவை; சேவை நிலைக்குமா என்று பார்த்துவிட்டே அவர்கள் முடிவெடுப்பார்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து, குறைந்தது இரண்டு கல்வியாண்டுகள் தடத்தையும் நேரத்தையும் மாற்றாமல் ஓட்டிப் பார்ப்பதே நேர்மையான சோதனை.

தொடக்கத்தில் சொன்ன நகரத்தையே எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி நான்கு வகைக் குடியிருப்புகள் இருக்கின்றன என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். தடத்தின் நேர்கோட்டிலுள்ள பெரிய சிற்றூருக்கு, மூன்றாவது வண்டி கிடைக்கும் நாளில் முழு நீட்டிப்பு; அது கிடைக்கும் வரை கூட்டமில்லாத நேரத்தில் நான்கு நடை. ஒரே முனையிலிருந்து பிரியும் இரு ஊர்களுக்கு, காத்திருப்பு விதியும் ஒரே டிக்கெட்டும் உள்ள இணைப்பு வண்டி. சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் ஊருக்கு, முதலில் நடைபாதையும் விளக்கும், நடக்க இயலாதவர்களுக்கு முன்பதிவில் வீடு வரை ஒரு வண்டியும். சிதறிய வீடுகளுக்கு அழைப்பு வண்டி, செலவு வரம்பை முதல் நாளே அறிவித்துவிட்டு. சிற்றூரிலிருந்து கிளம்பும் காலை முதல் நடைக்காக நகரப் பணிமனையிலிருந்து காலி வண்டி ஓடிவருவதைத் தவிர்க்க, இரவில் ஒரு வண்டியை ஊரிலேயே தங்கவைப்பதையும் பார்ப்பேன். ஓட்டுநருக்கு அங்கே பூட்டக்கூடிய ஓர் அறையும் கழிவறையும் இருந்தால் மட்டுமே அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த ஊர்க்காரரே ஓட்டுநராக இருந்தால் அதுவும் தேவைப்படாது.

வரைவு அட்டவணை கைக்கு வந்ததும் நான் அதைக் கீழிருந்து மேலாகப் படிப்பது வழக்கம். இரவு எட்டரைக்குக் கடையின் கதவை இழுத்து மூடிவிட்டு வெளியே வரும் ஒருவருக்கு, அதற்குப் பிறகு ஊர் திரும்ப வண்டி இருக்கிறதா என்று பார்க்கிறேன். கடைசி வண்டி ஏழு ஐம்பதுக்கு என்று போட்டிருந்தால், காலை ஏழரை நடையிலும் அவர் ஏறப் போவதில்லை. அந்த நடையின் பயணிகள் கணக்கிலிருந்து அவரை அப்போதே கழித்துவிடுகிறேன்.